சைக்கிள் வந்தது! ஹேண்டிலை உயர்த்தியது யார்?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போச்சம்பள்ளிக்குத் தனிக் களை வந்துவிடும். அன்று சந்தை நாள்! விடிவதற்குள் ஆடு, மாடு, கோழி, காய்கறி, கயிறு, துணி என்று எல்லாம் வந்து குவிந்துவிடும். சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து சேருவார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும்.

அந்தச் சந்தையில் செருப்பு வாங்குகிறவரைக் கவனியுங்கள். காலில் மாட்டிப் பார்க்காமல் வாங்குகிறாரா? மாட்டார். இரண்டு அடி நடந்து பார்ப்பார். கடிக்கிறதா, கழலுகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் காசை எடுப்பார். வளையல் கடைக்கு வரும் பெண்ணும் அப்படித்தான். கைக்கு அளவு பார்த்துத்தான் வளையல் ஏறும். உழவரும் சளைத்தவர் அல்ல. ஏர்க்காலில் நுகத்தடியைக் கட்டும் இடத்தை ஒரு பிடி முன்னே பின்னே மாற்றி உழவின் ஆழத்தைச் சரி செய்யும் வித்தையை அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

இத்தனை அளவு பார்க்கிற ஜனங்கள், ஒரே ஒரு சாமானை மட்டும் அளவு பார்க்காமல் ஏற்றுக்கொள்ளுகிறார்கள். அதுதான் சைக்கிள்!

கடையிலிருந்து வந்த சைக்கிள் எப்படி இருக்கிறதோ, அப்படியே ஓட்டவேண்டும் என்று நினைக்கிறார்கள். ஸீட்டையாவது சில பேர் ஏற்றி இறக்குகிறார்கள். ஹேண்டில் பாரைத் தொடுவதே இல்லை. அது கட்டிய தாலி மாதிரி, ஒரு முறை பொருத்தினால் பொருத்தியதுதான் என்று ஓர் எண்ணம்.

வாஸ்தவம் அதுவல்ல. சாதாரண சைக்கிளின் ஹேண்டில் பாரை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு மரக்கட்டை, கால் மணி நேரம். செலவு ஒரு பைசா இல்லை. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் கை மரத்து, முதுகு நொந்து பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்!

"பழகினால் சரியாகிவிடும்"

பிளஸ் 1 படிக்கும் பெண் சைக்கிளில் வீடு வந்து சேருகிறாள். வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சுதான்.

"அம்மா, கை மரத்துப் போவுதும்மா. சுண்டு விரல்ல உணர்ச்சியே இல்ல."

"புது சைக்கிள்தானே, கண்ணு! பழகப் பழகச் சரியாப் போயிடும்."

பழகிப் பழகிச் சரியாவது சைக்கிள் அல்ல. பிள்ளையின் உடம்புதான் வளைந்து கொடுக்கிறது. தோள் குறுகுகிறது. கழுத்து பின்னால் ஒடிகிறது. ஏனென்றால் ஹேண்டில் தாழ்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரியும். உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். முகத்தை நிமிர்த்திப் பாதையைப் பார்க்கவேண்டுமே! அதற்காகக் கழுத்தை மேலே தூக்கவேண்டும். அரை மணி நேரம் அப்படிப் போனால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

சுண்டு விரல் மரத்துப் போவதற்கும் காரணம் இருக்கிறது. முழங்கை வழியாக இறங்கி, உள்ளங்கையின் ஓரத்தில் புகுந்து, சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் போகிற நரம்பு ஒன்று உண்டு. ஹேண்டிலில் பாரம் அழுத்தும் இடமும் அதுவேதான். தினமும் அழுத்தினால் நரம்பு முணுமுணுக்கத்தான் செய்யும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வரும் இந்தக் கோளாறை வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். அழுத்தம் குறைந்தால் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அலட்சியமாக விட்டால்தான் தொல்லை. வண்டியைச் சரி செய்த பிறகும் மரப்பு நீடித்தால் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

ஹேண்டில் ரொம்ப உயரமாக இருந்தாலும் நல்லதல்ல. அப்போது பாரம் முழுவதும் ஸீட்டில் உட்கார்ந்துவிடும். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது முதுகெலும்பின் அடிப்பாகம் அதை வாங்கிக்கொள்ளும். மேடு ஏறும்போது முன் சக்கரம் லேசாகி ஆடும். எதிர்க்காற்றில் நெஞ்சு பாய் மாதிரி விரிந்து நிற்கும். ஆகவே உயர்த்துவதற்கும் ஓர் அளவு உண்டு.

முதல் சைக்கிள்காரருக்கே தெரிந்த விஷயம்

இன்று நாம் காணும் சைக்கிளுக்கு ரிஷிமூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் 'ரோவர்' என்ற சைக்கிளை வெளியிட்டார். அதற்கு முன் இருந்தது ஆள் உயரச் சக்கரம் வைத்த வண்டி. விழுந்தால் தலைகீழாக விழவேண்டியதுதான். ஸ்டார்லியின் வண்டியில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. செயின் பின் சக்கரத்தைச் சுழற்றியது. இன்றைக்கும் அதே ஏற்பாடுதான்.

அந்த வண்டியைச் செய்யும்போது எதையெல்லாம் மனத்தில் வைத்திருந்தார் என்பதை ஸ்டார்லி 1898ஆம் ஆண்டில் ஒரு சொற்பொழிவில் விளக்கினார். ஓட்டுகிறவர் தரையிலிருந்து சரியான தூரத்தில் இருக்கவேண்டும். பெடலுக்கு ஏற்ற இடத்தில் ஸீட் இருக்கவேண்டும். ஸீட்டுக்கு ஏற்ற இடத்தில் ஹேண்டில் இருக்கவேண்டும். குறைந்த களைப்பில் நிறைந்த பலத்தைப் பெடலில் செலுத்த அப்போதுதான் முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

கவனித்தீர்களா? வேகத்தையும் அழகையும் அவர் முன்னே வைக்கவில்லை. மனுஷன் உட்காரும் அளவை முன்னே வைத்தார்! நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு சொன்னது. நம் ஊர்ப் பிள்ளைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சர்க்கார் கொடுத்த சைக்கிள்

தமிழ்நாட்டில் 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. சில ஆண்டுகளில் அது விரிந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கிற மற்ற வகுப்பு மாணவிகளும், பிறகு மாணவர்களும் சேர்ந்தார்கள். இன்று பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளின் கைக்கு இந்தச் சைக்கிள் வருகிறது.

இது நல்ல திட்டம். இதில் சந்தேகமே வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டம் பரந்த மாவட்டம். 2004ஆம் ஆண்டில் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. மேல்நிலைப் பள்ளி எல்லாக் கிராமத்திலும் இல்லை. மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் தாண்டிப் போய்த்தான் பல பிள்ளைகள் படிக்கவேண்டும். பஸ் வரும் நேரமும் மணி அடிக்கும் நேரமும் எல்லா ஊரிலும் ஒத்துப்போவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சைக்கிள் என்பது படிப்புக்குப் போட்ட பாலம்.

இதற்கு அத்தாட்சி வேறு மாநிலத்திலும் இருக்கிறது. பீகாரில் 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்றும், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டார்கள். அவர்கள் ஆராய்ச்சி 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளி மூன்று கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்பதும் அதில் ஒரு முக்கியமான செய்தி.

ஆக, தூரத்துப் பிள்ளைக்குத்தான் சைக்கிள் மிகவும் வேண்டியதாக இருக்கிறது. அளவு பொருந்தாத சைக்கிள் மிகவும் வதைப்பதும் அதே தூரத்துப் பிள்ளையைத்தான்! ஒரு மைல் போகிறவளுக்கு ஹேண்டில் தாழ்ந்திருந்தால் என்ன, உயர்ந்திருந்தால் என்ன? சமாளித்துக்கொள்வாள். ஐந்து மைல் போகிறவள் என்ன செய்வாள்? கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வாள். பிறகு சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிடுவாள். அதன்மேல் வேட்டியும் புடவையும் காயும். அண்ணன்காரன் எடுத்துக்கொண்டு போவான். கடைசியில், "அந்தப் புள்ளைக்கு சைக்கிள் ஒத்துக்கல" என்று ஒரு பேச்சு!

சைக்கிள் ஒத்துக்கொள்ளாமல் போனது பிள்ளையின் குற்றமா? ஒரு வகுப்பில் நாலரை அடிப் பெண்ணும் இருக்கிறாள். ஐந்தே முக்கால் அடிப் பெண்ணும் இருக்கிறாள். மேடையில் இருவருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கொடுக்கிறார்கள். கொடுப்பதில் தவறு இல்லை. ஆயிரக்கணக்கில் செய்கிற வண்டியை ஆளுக்கு ஓர் அளவில் செய்ய முடியாது. அதனால்தான் ஏற்றி இறக்கும் வசதியை வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த வசதியை யாரும் திருகிப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை.

கோடாலிக் காம்பின் ரகசியம்

ஹேண்டில் எப்படி நிற்கிறது? ரொம்ப சுலபமான ஏற்பாடு.

கோடாலிக் காம்பைப் பார்த்திருப்பீர்கள். காம்பின் நுனியில் ஓர் ஆப்பு அடிப்பார்கள். ஆப்பு இறங்க இறங்கக் காம்பு விரிந்து, இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் ஹேண்டிலும் அதே மாதிரிதான் நிற்கிறது. ஹேண்டில் பாரைத் தாங்கும் தண்டு, முன் சக்கரக் கவையின் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. தண்டின் நடுவில் ஒரு நீண்ட போல்ட். அதன் அடியில் ஓர் இரும்பு ஆப்பு. போல்ட்டை மேலே இறுக்கினால் அடியில் உள்ள ஆப்பு மேலே ஏறும். ஏறும்போது பக்கவாட்டில் நெருக்கும். குழாய்க்குள் தண்டு கெட்டியாகிவிடும்.

தளர்த்துவது இதற்கு நேர் எதிர். ஹேண்டில் தண்டின் உச்சியில் தெரியும் போல்ட்டை ஸ்பேனரால் மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தவேண்டும். சில புது வண்டிகளில் ஆலன் சாவி தேவைப்படும். போல்ட் கால் அங்குலம் மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஆப்பு கீழே விலகிவிடும். பிறகு முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை லேசாகத் திருப்பித் திருப்பி மேலே இழுத்தால் வந்துவிடும்.

போல்ட்டை முழுவதும் கழற்றிவிடக்கூடாது. கழற்றினால் ஆப்பு குழாய்க்குள் விழுந்துவிடும். அதை எடுக்க ஒரு நாள் வேலை! ஆப்பசைத்த குரங்கின் கதை ஆகிவிடும்.

தண்டைச் சுற்றி, தலைக் குழாயின் மேலே ஒரு பெரிய வட்ட நட்டு இருக்கும். அதைத் தொடவே கூடாது. அது ஹேண்டில் திரும்புவதற்கான இரும்புக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் குண்டுகள் நாலா பக்கமும் உருண்டு ஓடும்.

மழையில் நனைந்த வண்டியில் தண்டு துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முரட்டுத்தனமாக முறுக்கக்கூடாது. முதல் நாள் மாலை மெஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறு நாள் முயலலாம். வெளியே வந்ததும் துருவைத் துடைத்து, கிரீஸ் தடவி இறக்கினால் அடுத்த முறை தொல்லை இல்லை.

உயிருக்கு ஒரு கோடு

தண்டின் மேல் குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார்கள். அது அலங்காரத்துக்குப் போட்ட கோடு அல்ல! அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஹேண்டிலை உயர்த்தக்கூடாது. கோடு எப்போதும் குழாய்க்குள் மறைந்தே இருக்கவேண்டும். கோடு அழிந்துபோயிருந்தால் குறைந்தது இரண்டரை அங்குலத் தண்டு உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆசைப்பட்டு அதற்கு மேல் உயர்த்தினால் என்ன ஆகும்? தண்டுக்குப் பிடிமானம் போய்விடும். பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில் கையோடு வந்துவிடலாம். அல்லது தண்டு ஒடியலாம். அந்த நேரத்தில் பின்னால் லாரி வந்தால்? போச்சம்பள்ளி வட்டாரச் சாலைகளில் இப்போது லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் பஞ்சமா? ஸீட்டைத் தாங்கும் தண்டிலும் இதே மாதிரி கோடு உண்டு. அதற்கும் இதே சட்டம்.

உயரம் வைத்த பிறகு ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் முன் சக்கரமும் ஹேண்டிலும் சரி குறுக்காகத் தெரியும். பிறகு போல்ட்டை இறுக்கவேண்டும். இறுக்கியது போதுமா? முன் சக்கரத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண பலத்துக்கு அசையக்கூடாது. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனரில் ஏறி நின்று இறுக்கவும் கூடாது. ஆப்பு அளவுக்கு மீறி நெருக்கினால் குழாயே புடைத்துவிடும்.

பிரேக்கை மறந்துவிடக்கூடாது. ஒயர் பிரேக் உள்ள வண்டியில் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்க்கவேண்டும். திருப்பும்போது ஒயர் விறைத்து, பிரேக் தானே பிடித்தால் ஆபத்து. ஒயர் எட்டவில்லை என்று அர்த்தம். நீளமான ஒயர் போடவேண்டும். இல்லையென்றால் ஹேண்டிலைக் கொஞ்சம் இறக்கவேண்டும். பழைய கம்பி பிரேக் வண்டி என்றால் ஹேண்டில் உயரும்போது பிரேக் கம்பியும் கூடவே இழுபடும். கம்பியின் இணைப்பைத் தளர்த்திச் சரி செய்தால்தான் பிரேக் வேலை செய்யும். இதை சைக்கிள் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

இப்போது வரும் விலை உயர்ந்த கியர் சைக்கிள்களில் ஏற்பாடு வேறு. தண்டு குழாய்க்குள் இறங்காது. குழாயை வெளியே இருந்து கவ்விக்கொள்ளும். அடியில் வளையங்களை அடுக்கி உயரம் வைப்பார்கள். அதை மேலே இழுக்க முடியாது. வீட்டில் தொடாமல் இருப்பதே நலம்.

எவ்வளவு உயரம்?

முதலில் ஸீட். பிறகுதான் ஹேண்டில். இந்த வரிசை மாறக்கூடாது.

வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, பிள்ளையை ஸீட்டில் உட்காரச் சொல்லுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நீண்டு நேராக இருக்கவேண்டும். அப்படி இருந்தால், முன் பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் ஸீட்டுக்கு அளவு. புதிதாகக் கற்றுக்கொள்ளுகிறவர்கள் மட்டும், கால் தரையில் ஊன்றும்படி கொஞ்சம் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். கைவந்த பிறகு ஏற்றிவிடவேண்டும்.

ஸீட் மட்டமாக இருக்கட்டும். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு வழுக்கி வழுக்கிக் கையின்மேல் விழும். ஹேண்டிலை எவ்வளவு உயர்த்தினாலும் வலி போகாது. வைத்தியம் ஓர் இடத்தில், வியாதி வேறு இடத்தில் என்று ஆகும்.

பிறகு ஹேண்டில். பள்ளிக்கும் சந்தைக்கும் வேலைக்கும் போகிற வண்டியில் ஹேண்டில் பிடி ஸீட்டின் மட்டத்துக்கு இருக்கலாம். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மேலேயும் இருக்கலாம். முதுகு வலிக்காரருக்கும் வயோதிகருக்கும் இன்னும் சற்று மேலே இருந்தால் சுகம். ஓட்டும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கவேண்டும். தோள் காதைத் தொடக்கூடாது. பாதையைப் பார்க்கக் கழுத்தைத் தூக்கவேண்டிய அவசியம் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் பரீட்சை! ஒரேயடியாக உயர்த்தாமல் அரை அங்குலம் உயர்த்தி, நாலு நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி அரை அங்குலம் என்று போவது நல்லது.

"பந்தயக்காரர்கள் தாழ்வாகத்தானே வைத்துக்கொள்கிறார்கள்?" என்று வாலிபர்கள் கேட்பார்கள். அவர்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிறவர்கள். அந்த வேகத்தில் காற்றுதான் பெரிய எதிரி. அதனால் குனிகிறார்கள். புத்தகப் பையும் சாப்பாட்டுப் பாத்திரமும் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு அந்தக் குனிதல் எதற்கு? ஹாலந்து தேசத்தில் ஜனத்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம். அங்கே பாட்டிமார்கள்கூட ஓட்டுகிறார்கள். அவர்களுடைய சாதாரண வண்டியில் ஹேண்டில் ஸீட்டைவிட உயரமாகத்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து போவார்கள்.

புதுக்கோட்டை சொன்ன பாடம்

பெண்களும் சைக்கிளும் என்று பேச்சு வந்தால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளும் ஓட்டினார்கள். கேலி பேசினவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

அவர் எழுதியதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதுவே மேல் என்றார்கள். ஏன்? நடுவில் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே!

இதுதான் சாமானியப் பெண்களின் அறிவு. வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. தங்கள் காரியத்துக்கு அதை எப்படி வசப்படுத்துவது என்று பார்த்தார்கள். ஸ்பேனரும் அவர்கள் கையில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நம் வீடுகளில் இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது. பையன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நோண்டினால், "கெட்டிக்காரன், என்ஜினீயர் ஆவான்!" என்று பாராட்டு. பெண் ஸ்பேனரைத் தொட்டால், "கை கறையாகும், வை கீழே!" என்று அதட்டல். இந்த அதட்டலை இப்போதாவது நிறுத்த வேண்டாமா?

யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் ஓசூர் இருக்கிறது. 1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்ததும் ஓசூரிலிருந்துதான். போச்சம்பள்ளியில் ஓலா கம்பெனி மின்சார ஸ்கூட்டர் ஆலை கட்டியது. அந்த ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஸ்கூட்டர் ஆலையில் போல்ட் இறுக்கப் பெண்கள் வரலாமாம்! வீட்டுத் திண்ணையில் சொந்த சைக்கிளின் போல்ட்டைத் தொட்டால் கை கறையாகுமாம்! இது என்ன நியாயம்?

பள்ளியில் ஓர் அளவு நாள்

சைக்கிள் வழங்கும் விழா நடக்கிறது. பந்தல் போடுகிறார்கள். பிரமுகர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஆகட்டும். படம் எடுத்து முடிந்த பிறகு, வண்டிகள் வீட்டுக்குப் புறப்படுவதற்கு முன் ஓர் அரை நாள் கொடுங்கள். அந்த ஊர் சைக்கிள் கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அன்றையக் கூலியைக் கொடுத்து உட்காரவையுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்களையும் துணைக்கு நிறுத்துங்கள். பத்து வண்டிக்கு ஒரு ஸ்பேனர் போதும். ஒவ்வொரு பிள்ளையையும் ஏறி உட்காரச் சொல்லி, ஸீட்டையும் ஹேண்டிலையும் வைத்துக் கொடுத்துவிடலாம். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளையின் கையாலேயே ஒரு முறை செய்ய வைப்பது. ஏனென்றால் பிளஸ் 1-இல் இருந்த உயரம் பிளஸ் 2-இல் இருக்காது. பையன்கள் ஒரே வருஷத்தில் மூங்கில் மாதிரி வளர்ந்துவிடுகிறார்கள்.

இதற்குச் சில ஆட்சேபங்கள் வரும். "எங்கள் காலத்தில் குரங்குப் பெடல் போட்டே ஓட்டினோம். எங்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லாம் ஓட்டிப் பழகி நிலைத்தவர்கள். ஒத்துவராமல் விட்டவர்கள் இந்தப் பேச்சுக்கு வருவதில்லையே! அதுவுமில்லாமல் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு சைக்கிள். அது அப்பாவுடையது. அவர் அளவுக்குத்தான் இருக்கும். இன்று சைக்கிள் பிள்ளையின் பேருக்கே வருகிறது. பேர் பிள்ளையுடையது, அளவு யாருடையதோ என்றால் சரியாகுமா?

"பள்ளியில் ஹேண்டிலைக் கழற்றி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் ஜவாப்தாரி?" என்று ஓர் உபாத்தியாயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது. கடைசியில் அவர் எல்லா வண்டியையும் ஒரு முறை முறுக்கிப் பார்த்து அனுப்பவேண்டும். சரியாக இறுக்காத போல்ட்டோடு வண்டிகள் வீட்டுக்குப் போவதைவிட இது எவ்வளவோ பத்திரம்.

எல்லா வலிக்கும் ஹேண்டில் மருந்து என்றும் நினைக்கவேண்டாம். வண்டியே பிள்ளைக்கு மிகப் பெரிதாக இருந்தால் ஹேண்டிலை உயர்த்தி ஓரளவுக்குத்தான் சமாளிக்கலாம். ஸீட்டை அதன் தண்டின்மேல் அரை அங்குலம் முன்னால் தள்ளிப் பார்க்கலாம். அதற்கும் எட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சின்ன வண்டியோடு மாற்றிக்கொள்வதுதான் வழி. டயரில் காற்று இல்லாமல் கனமாக மிதித்துவிட்டு ஹேண்டிலைக் குறை சொல்லுகிறவர்களும் உண்டு!

சர்க்காரும் பள்ளியும் செய்யும் வரை வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை வீட்டில் இருக்கிறது. சைக்கிளும் வாசலில் நிற்கிறது. பிள்ளையை ஏறி உட்காரச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். முழங்கை விறைத்திருக்கிறதா? தோள் தூக்கியிருக்கிறதா? அப்படியானால் ஸ்பேனரைத் தேடுங்கள். வீட்டில் இல்லையென்றால் பாதகமில்லை. தெருக்கோடி சைக்கிள் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.